இரண்டாம் தெருவில் பெய்த கோஸ்டா ரிக்கா

தங்கபுஷ்பம் டீச்சர் கோஸ்டா ரிக்காவுக்குப் போயே தீருவது என்று முடிவெடுத்து, பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி வந்த உலகப்படத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அந்தச் சின்ன நாட்டைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் படுத்த மறுநாள் விடியற்காலையில், அவருடைய வீட்டு முற்றத்தில் மட்டும் மழை பெய்தது. ஊரில் வேறெங்கும் ஒரு பொட்டு இல்லை. எதிர்வீட்டு வாசலில் கோலம் கலையவில்லை, பக்கத்து மாடியில் காயப்போட்ட மோர்மிளகாய் நனையவில்லை. டீச்சர் எழுந்து வந்து பார்த்தார். அங்கே சாயங்காலம் பெய்கிற மழை இங்கே விடியற்காலையில்தான் வந்து விழும், பூமி சுற்றுகிற கணக்குக்கு அது சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, அடுக்களையிலிருந்து ஒரு குடத்தை எடுத்து வந்து முற்றத்தில் வைத்தார்.

எங்கள் முத்தூரணி, தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்குக் கரிசலில் கிடக்கிறது. பேரில் முத்தும் உண்டு, ஊரணியும் உண்டு, ஊரில் இரண்டும் கிடையாது. குழாயில் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்துவிட்டால், தாலி கட்டுகிற நேரமாக இருந்தாலும் பந்தலில் பாதிப்பேர் எழுந்து குடத்தோடு ஓடுவார்கள், மாப்பிள்ளை வீட்டார் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தங்களுக்கும் ஒரு குடம் பிடித்து வரச்சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊரில், பிள்ளையார் கோவில் இரண்டாம் தெருவில் மட்டும், அதிலும் ஒரே வீட்டு முற்றத்தில் மட்டும், நாள் தவறாமல் மழை பெய்தது என்றால், மூன்றாம் தெருக்காரனான எனக்கு வயிறு எரியுமா எரியாதா? எரிந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என் பேச்சில் காரம் கூடினால் உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

டீச்சர் சமூக அறிவியல் நடத்துகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடுவில் திறந்த முற்றமும் பின்னால் ஒரு வேப்பமரமும் உள்ள அப்பா காலத்து வீட்டில் தனியாக இருந்தார். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் நிலநடுக்கோட்டுக் காடுகள் என்ற பாடத்தை எடுப்பார், மரங்கள் அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரம் என்பார், வெயில் தரைக்கே வராது என்பார், தினமும் சாயங்காலம் மழை என்பார், வேர்வையைத் தவிர வேறு ஈரம் அறியாத எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷத்தில் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு டீச்சர் புத்தகத்தை மூடினார்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அன்னக்கனியிடம் அதைச் சொன்னார். அன்னக்கனி தோசைமாவு அரைத்து விற்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் திருப்பூரில். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், ஒரே ரிப்பனை முறைபோட்டுக் கட்டிக்கொண்டவர்கள், அன்னக்கனிக்குப் பிரசவ வலி வந்தபோது ஆட்டோவில் மடியில் தலையை வைத்துக்கொண்டு போனது டீச்சர்தான்.

"ஒரே ஒரு தடவை அந்தக் காட்டுக்குள்ள போயி நின்னுட்டு வந்துரணும் கனி. ரிட்டையர் ஆகுறதுக்கு முன்ன ஒரு தடவையாவது அந்தப் பாடத்தக் கண்ணால பாத்தவளா நடத்தணும். வேற எந்த ஆசையும் எனக்குக் கிடையாது" என்றார் டீச்சர்.

"அது எங்கனட்டி இருக்கு?"

"ரெண்டு கடலுக்கு நடுவுல, அரணாக்கயிறு மாதிரி மெலிசா ஒரு நாடு. பட்டாளமே கிடையாதாம். காட்டக் காப்பாத்தி, வாரவங்களுக்கு அதச் சுத்திக் காட்டியே பொழைக்காங்களாம்."

"அப்ப நானும் வாரேன். ஒன்னைய ஒத்தையில விட்டா நீ பூச்சி பொட்டப் பாத்துக்கிட்டு சோறு திங்க மறந்துருவ."

இப்படித்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. முதல் நாள் மழை ஒரு குடத்துக்கு மேல் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் உலகப்படத்தின் முன்னால் உட்கார்ந்து, மேகத்துக்குள்ளேயே இருக்கிற மலைக்காட்டில் இத்தனை நாள், எரிமலை அடிவாரத்தில் இத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க, மறுநாள் விடியலில் மழை அந்த அளவுக்குக் கூடி விழுந்தது. முற்றத்துக் கல் இடுக்கில் பெரணி முளைத்தது. சிவப்பு உடம்பும் நீலக் காலுமாக நகத்தளவுத் தவளைகள் அம்மிக்கடியில் குடியேறின, விஷம், யாரும் தொட வேண்டாம் என்று டீச்சர் சுவரில் எழுதி ஒட்டினார். வெந்நீர் ஊற்றில் குளிப்பது என்று திட்டத்தில் சேர்த்த மறுநாள் முற்றத்தின் வடக்கு மூலையில் விழுந்த மழை மட்டும் இளஞ்சூடாக இருந்தது, மூட்டுவலிக்காரர்கள் அந்த மூலைக்குத் தனியாக வரிசை கட்டினார்கள். காட்டுக்கு மேலே கம்பியில் தொங்கிப்போகிற சாகசத்தை எழுதிய மறுநாள், மொட்டைமாடியிலிருந்து மின்கம்பத்துக்குத் தொடை கனத்தில் ஒரு கொடி ஓடியிருந்தது. லைன்மேன் வந்தார், வெட்டினார், மறுநாள் அது வளர்ந்திருந்தது, மறுபடி வெட்டினார், மறுபடி வளர்ந்தது, கடைசியில் கொடியை விட்டுவிட்டுக் கம்பத்தைப் பிடுங்கி எங்கள் மூன்றாம் தெருவில் நட்டுவிட்டுப் போனார். அந்தத் தெருவுக்கு மழை, எங்களுக்குக் கம்பம்.

காட்டு விலங்குகளைப் பார்க்கப்போகும் நாளை முடிவு செய்தபோது வேப்பமரத்தில் ஒரு பிராணி வந்து தொங்கியது. நீளக் கையும் சிரித்த முகமுமாக, தலைகீழாக, அசைகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் பார்க்க வேண்டிய ஒரு பிராணி. அதற்கு ஸ்லாத் என்று பெயர், வாரத்துக்கு ஒருமுறைதான் மரத்தைவிட்டு இறங்கும் என்று டீச்சர் சொன்னார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சங்கரபாண்டி அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க டிப்போல இதே மாதிரி ஒரு டிரைவர் இருந்தாரு டீச்சர், கோவில்பட்டி டிரிப்புக்குக் காலையில எடுத்தாருன்னா கோவில் கொடை முடிஞ்சு ஆளுக திரும்பி வார நேரத்துக்குத்தான் போயிச் சேருவாரு" என்றார். அன்றிலிருந்து தெருவே அதை டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும்போது டாட்டா காட்டுவார்கள், திரும்பி வரும்போது அது பதிலுக்குக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கும்.

அண்ணாச்சிதான் தண்ணீர் வரிசைக்குப் பொறுப்பு. விசில் அவரிடம் இருந்தது. விடியலில் டீச்சர் கதவைத் திறந்து, "தள்ளாம, வரிசையாப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார், அண்ணாச்சி ஒரு விசிலுக்கு ஒரு வீடு என்று உள்ளே விடுவார், ஆள் வராவிட்டால் அந்த வீட்டுக் குடமோ செங்கல்லோ வரிசையில் இருந்தால் போதும், அதற்கு முழு மரியாதை உண்டு. வெளித்தெரு ஆள் கிடையாது. அன்னக்கனியின் குடம் எப்போதும் முதலில். அந்தத் தண்ணீரில் ஆட்டிய மாவு பூவாகப் பொங்கியது, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் மொபெட்டில் வந்து வாங்கிப்போனார்கள், அவள் இன்னொரு கிரைண்டர் வாங்கினாள், அப்புறம் மற்றொன்று. இரண்டாம் தெருவில் வாசலுக்கு இரண்டு தொட்டிச்செடி வைத்தார்கள். வருஷக்கணக்கில் பெண் கிடைக்காமல் இருந்த பையன்களுக்கெல்லாம் பெண் கிடைத்தது. நான் மூன்றாம் தெருவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமானால் தெருவே டீச்சர் வீட்டில் கூடும். ஆற்றில் ரப்பர் படகு விடும்போது வேட்டி கட்டலாமா என்று ஒருவர் கேட்பார். புளிக்குழம்பைக் காய்ச்சிக் கெட்டியாக எடுத்துப்போனால் கெடாது என்று ஒருத்தி சொல்வாள். அட்டைப்பூச்சிக்கு மூக்குப்பொடி நல்லது என்று இன்னொருவர் தன் டப்பாவையே கொடுத்துவிட்டுப் போனார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூட அந்த எரிமலையின் பேரை மூச்சுவிடாமல் சொல்லின. தனியாக உண்டு தனியாகப் படுத்த அந்த வீட்டில் அவ்வளவு பேச்சும் சிரிப்பும் கேட்டதே இல்லை. என் ஆசைக்கு ஒரு தெருவே ஆசைப்படுகிறது என்று டீச்சர் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம், அதை முழுசாக நம்பினார்.

இரண்டு பேரும் சேர்ந்தே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார்கள். போலீஸ்காரர் விலாசத்துக்கு வந்து, இன்னார் இங்கேதான் குடியிருக்கிறாரா என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் விசாரித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அன்னக்கனிக்காக முதலில் ஒருவர் வந்தார். அது சனிக்கிழமை, டீச்சர் வீட்டில் இருந்தார். "பொறந்ததுல இருந்து இதே வீடுதான் சார், இவளப் போல நல்லவ இந்தத் தெருவுல கிடையாது" என்று சொல்லி, அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்னக்கனியின் பாஸ்போர்ட் வந்தது. அவள் அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அதுவரையில் அவள் மனதில் எந்தக் கள்ளமும் கிடையாது, அவளும் போவதற்குத்தான் இருந்தாள்.

அப்புறம்தான் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. கைகால் மூட்டெல்லாம் வீங்கி, கண் திறக்க முடியாமல் படுத்துவிட்டார். உலகப்படத்தைப் பார்க்கவில்லை, திட்டம் போடவில்லை. மழை சுருங்கியது. ஒரு விடியலில் தூறலாக விழுந்தது, மறுநாள் சும்மா மேகம் மட்டும் கூடிக் கலைந்தது. தெரு பயந்துபோய்க் காலிக் குடங்களோடு முற்றத்தில் நின்றது. அப்போது சங்கரபாண்டி அண்ணாச்சி உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "டீச்சர், அந்த எரிமலை அடிவாரத்துல எத்தன நாள் தங்குறதுன்னு சொன்னீங்க?" என்று சும்மா கேட்டார். டீச்சர் கண்ணை மூடியபடியே, "மூணு நாளாவது வேணும் அண்ணாச்சி" என்றார். முற்றத்தில் சடசடவென்று விழுந்தது.

அன்றிலிருந்து முறைபோட்டுக்கொண்டு கஞ்சி வந்தது, ரசம் வந்தது, நிலவேம்புக் கஷாயம் வந்தது. கஞ்சியோடு வந்தவர்கள் எல்லோரும் மறக்காமல் ஒரு கேள்வியும் கொண்டு வந்தார்கள். அங்கே ஆமை முட்டையிட எந்தக் கடற்கரைக்கு வரும் டீச்சர்? அந்தப் பச்சைவால் குருவியைப் பார்க்க எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் டீச்சர்? சொந்தத் தங்கச்சிகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று டீச்சர் அன்னக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்னக்கனியும் அழுதாள். அவள் எதற்கு அழுதாள் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

ஏனென்றால் தெருவுக்கு அதற்குள் கணக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் போக ஆசைப்படுகிற வரைக்கும் மழை. போய்விட்டால், போய்ப் பார்த்து மனசு நிறைந்து திரும்பிவிட்டால், பிறகு எதை நினைத்துப் பெய்யும்? யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. அவரவர் வீட்டு அடுக்களையில், தண்ணீர் தளும்புகிற அண்டாவைப் பார்த்துக்கொண்டே அவரவர் இதைப் புரிந்துகொண்டார்கள். டீச்சர் எழுந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வாரத்தில், ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த போலீஸ்காரர் ஒரு மத்தியானம் தெருவுக்குள் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, எதிர்வாசலில் நின்ற அன்னக்கனியிடம், "இங்க தங்கபுஷ்பம்னு ஒருத்தங்க குடியிருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

அன்னக்கனி கை மாவைத் துடைத்தாள். பக்கத்தில் அண்ணாச்சி நின்றார். கொடி படர்ந்து, பாசி பிடித்து, கதவிடுக்கில் பெரணி நீட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. "அப்பிடி யாரும் இங்க இல்ல சார்" என்றாள் அன்னக்கனி. "ரொம்ப நாளா பூட்டித்தான் கிடக்கு" என்றார் அண்ணாச்சி.

விலாசத்தில் ஆள் இல்லை என்று விண்ணப்பம் திரும்பியபோது டீச்சர் யார்மேலும் கோபப்படவில்லை. வீடு பூட்டியிருந்தால் போலீஸ்காரர்தான் என்ன செய்வார் என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதிப்போட்டார். இந்தத் தடவை அன்னக்கனியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த மே லீவ விட்டா, அடுத்த லீவுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிருவேன் கனி. போலீஸ்காரரு வந்தா உக்கார வச்சுக்க. ஸ்கூலுக்கு ஒரு ஆள அனுப்பு, நான் ஓடி வந்துருதேன். ஒன்னைய நம்பித்தான் போறேன்."

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீ நிம்மதியாப் போயிட்டு வாட்டி" என்றாள் அன்னக்கனி.

போலீஸ்காரர் வந்தார். அன்னக்கனி போன தடவை சொன்னதையே சொன்னாள், அண்ணாச்சியும் போன தடவைபோலவே ஆமாம் என்று கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் டீச்சர் வந்து, யாராவது வந்தாங்களா என்று கேட்டதற்கு, இல்லையே என்று சொல்லிவிட்டு, படகில் போகும்போது உயிர்காக்கும் சட்டையை யார் கொடுப்பார்கள் என்று விசாரித்தாள். டீச்சர் ஆர்வமாக விளக்கிச் சொன்னார். மறுநாள் பெய்த மழைபோல அதுவரை பெய்ததில்லை. அம்மிக்கல்லுக்கு அடியில் ஒரு ஆறு ஓடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

இரண்டாவது விண்ணப்பமும் திரும்பி வந்தது. டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன தப்பு என்று புரியாமல் சில நாள் நடமாடினார். அப்போதும் அவருக்கு யார்மேலும் சந்தேகம் இல்லை. சந்தேகப்படத் தெரியாத ஜென்மம். தெருவே சேர்ந்து, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், திட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் டீச்சர் என்று தேற்றியது.

இதை உடைத்தது அந்தப் போலீஸ்காரரேதான், அதுவும் தெரியாமல். இரண்டாம் தெருவில் ஒரு வீட்டில் மழை பெய்கிறதாம் என்று கேள்விப்பட்ட அவருடைய மனைவி இரண்டு பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்து விரட்ட, லுங்கியும் பனியனுமாக மொபெட்டில் வந்து ஒரு விடியலில் வரிசையின் கடைசியில் நின்றார். சட்டையும் தொப்பியும் இல்லாமல் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அண்ணாச்சி நீளமாக விசில் ஊதி, "வெளித்தெரு ஆளுக்குக் கிடையாது, எறங்குங்க" என்றார்.

"நான் ஸ்டேஷன்ல இருந்து வாரேன்யா. ஒங்ககிட்ட ரெண்டு தடவ விசாரிச்சிருக்கேன், மறந்து போச்சா?" என்றபடி அவர் முன்னால் வந்து, திறந்திருந்த கதவைப் பார்த்துத் திகைத்து நின்றார். வாசலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். "நீங்க யாரும்மா?" என்றார் போலீஸ்காரர்.

"நான்தான் தங்கபுஷ்பம். இது என் வீடு."

போலீஸ்காரர் டீச்சரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வரிசையின் தலைமாட்டில் குடத்தை இடுப்பில் வைத்து நின்ற அன்னக்கனியைப் பார்த்தார். "ஏம்மா, அப்பிடி யாருமே இல்லன்னு நீதான சொன்ன? ரெண்டு தடவயும் நீதான சொன்ன? இந்த அண்ணாச்சியும் ஆமான்னு கையெழுத்துப் போட்டாரே?"

உள்ளே மழை பெய்துகொண்டே இருந்தது. யாரும் குடத்தை நகர்த்தவில்லை. டீச்சர் அன்னக்கனியைப் பார்த்து, பாடம் புரியாத பிள்ளையைப் போல, "நான் இங்க இல்லையா கனி?" என்று கேட்டார்.

அன்னக்கனி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது. "நீ போயிட்டா மழ போயிரும்லட்டி. மாவு போயிரும். கிரைண்டர எல்லாம் என்ன செய்வேன் நான்? நாப்பது வருசமா ஒரு கொடம் தண்ணிக்கு நாயா அலைஞ்சவளுக்கு... நீயும் அங்கனயே இருந்துட்டன்னா?" என்றாள்.

"நீயும்தான என்கூட வாரேன்னு சொன்ன."

டீச்சர் வரிசை நெடுக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார், வேட்டி கட்டலாமா என்று கேட்டவர், புளிக்குழம்பு சொன்னவள், மூக்குப்பொடி டப்பா கொடுத்தவர், எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். டீச்சரின் குரல் அப்போதுதான் உடைந்தது. "அந்தக் காய்ச்சல்ல கஞ்சி கொண்டுவந்தீங்களே, அது எனக்கா, மழைக்கா?" என்று கேட்டார். போலீஸ்காரர் குடத்தை அப்படியே வைத்துவிட்டு, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. முற்றத்தில், மழை விழுகிற இடத்தில் உட்கார்ந்து, நனைந்துகொண்டே இருந்தார் என்று பக்கத்து மாடியிலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். போக முடியாமல் போனதைக்கூடத் தாங்கியிருப்பார். எத்தனையோ பேர் எங்கேயும் போகாமலே வாழ்ந்து செத்துப்போகிறார்கள். அந்தச் சாயங்காலங்கள்தான் அவரைக் கொன்றன. கேட்ட ஒவ்வொரு கேள்வியும், சிரித்த ஒவ்வொரு சிரிப்பும், என்னோடு ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்துப் பூரித்த ஒவ்வொரு பொழுதும் வாளியும் குடமுமாக இருந்திருக்கிறது. மாடு கறக்கிறவன் மாட்டைத் தடவிக்கொடுப்பதுபோல அவரைத் தடவிக்கொடுத்திருக்கிறார்கள். இதை எட்ட நின்று பொறாமைப்பட்ட நானே சொல்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் எப்போதும்போலக் கதவைத் திறந்து வைத்தார். அதைப் பார்த்ததும் தெருவுக்கு உயிர் வந்தது. தயங்கித் தயங்கி ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "தப்புதான் டீச்சர். நாளைக்கே எழுதிப்போடுங்க, இந்தத் தடவ தெருவே கையெழுத்துப் போடும்" என்றார். அன்னக்கனி ஒரு தூக்குவாளியில் பணியாரம் கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் அதைத் தொடவில்லை.

"அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. உக்காருங்க, திட்டம் போடலாம்" என்றார் டீச்சர். எழுந்துபோய், உலகப்படத்தில் அந்தச் சிவப்பு வட்டத்தின்மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினார். நகத்தால் நாலு ஓரமும் அழுத்தி அழுத்தி ஒட்டினார். பிறகு விரலைக் கீழே, வெகுதூரம் கீழே இறக்கிக்கொண்டு போய், தென்னமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் நிறுத்தி, புதிதாக ஒரு வட்டம் போட்டார். "இனிமே இங்க."

"எந்த ஊரு டீச்சர் அது?" என்று ஒருவர் உற்சாகமாகக் கேட்டார்.

"சிலி நாட்டுல அட்டகாமான்னு ஒரு இடம். மொதல் நாள் உப்புத்தரையில நடக்கணும். அடுத்த நாள் மணல்மேட்டுல ஏறணும். புல்லு பூண்டு இருக்காது. ஆகாசம் அவ்வளவு சுத்தமா இருக்கும், ஒரு மேகம் வராது."

"மழை எந்த மாசம் டீச்சர்?" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் இறங்கியிருந்தது.

"அங்க மழையே கிடையாது அண்ணாச்சி. வருசக்கணக்கா ஒரு சொட்டு பாக்காத இடமெல்லாம் உண்டு. பாலைவனத்துப் பாடமும் நான் நடத்தியிருக்கேன்லா, அதையும் கண்ணால பாத்தது கிடையாது."

அன்னக்கனி எழுந்து வந்து டீச்சரின் காலடியில் உட்கார்ந்தாள். "வேண்டாம் புஷ்பம். என்னைய அடி, வெளக்குமாத்தால அடி. இது மட்டும் வேண்டாம்ட்டி."

"ஏன் பயப்படுத? நான் எங்கயும் போகப்போறது இல்ல" என்றார் டீச்சர். "திட்டந்தான போடுதேன். இந்த விலாசத்துல இல்லாதவ எங்க போவா?"

விளக்கு வைக்கிற நேரத்தில் வேப்பமரம் அசைந்தது. டிரைவர் இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு கையை எடுத்துக் கீழே வைத்தது, வெகுநேரம் கழித்து மறுகையை எடுத்துக் கீழே வைத்தது, சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. குழந்தைகள் போகாதே போகாதே என்று கத்தினார்கள். அண்ணாச்சி என்ன நினைத்தாரோ, பஸ்ஸை நிறுத்துகிற விசிலை ஒரு தடவை ஊதினார், அது நிற்கவில்லை. அது தரையைத் தொட்டு, கொல்லைச் சுவரோரம் தவழ்ந்து, சுவர்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கும் வரைக்கும் டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். அதைப் பார்த்துத்தான் விம்மி விம்மி அழுதார். தெருவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பழக்கம் லேசில் விடாது. மறுநாள் விடியலிலும் இரண்டாம் தெரு வரிசை போட்டது, குடங்களும் அண்டாக்களும், வராதவர்களின் செங்கற்களும், எல்லாவற்றுக்கும் முன்னால் அன்னக்கனியின் குடமும். ஒருவேளை கோபம் தணிந்திருக்கும், ஒருவேளை பெரியமனசு பண்ணியிருப்பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தாழ்ப்பாள் விலகியது. முற்றத்தில் பெரணி கருகி மடிந்திருந்தது, அம்மிக்கடியில் சத்தம் இல்லை. அன்னக்கனி குடத்தைக் கொண்டுபோய் நடுமுற்றத்தில் வைத்தாள். மேலேயிருந்து, உமி புடைக்கிற சத்தத்தில், மெல்லிசாக, செம்மண் நிறத்தில் மணல் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. குடத்தின் கழுத்துவரை நிறைந்து, வழிந்து, அவள் பாதத்தை மூடியது. காற்றடித்தபோது அதில் கொஞ்சம் கூரை தாண்டிப் பறந்து எங்கள் மூன்றாம் தெருவிலும் விழுந்தது, மழைக்குக் கொடுத்துவைக்காத எங்களுக்கு அது மட்டும் பங்கு பிசகாமல் கிடைத்தது.

அன்னக்கனி குடத்தைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. கதவோரம் டீச்சர் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, எப்போதும் சொல்கிற குரலில் சொன்னார்:

"தள்ளாம, வரிசையாப் பிடிங்க."